காவல்துறை ஹெலிகாப்டர் மீது லேசர்: விமானியின் இருக்கையிலிருந்து

காவல்துறைக்கு ஹெலிகாப்டர் ஓட்டுகிறேன் என்று சொன்னவுடன், தப்பியோடும் காரைத் துரத்தும் காட்சிதான் பலருக்கும் மனத்தில் வருகிறது. துரத்தல் எப்போதாவது வரும். என் இரவுப் பணிகளில் பெரும்பகுதி காணாமற்போனவர்களைத் தேடுவதிலேயே கழிந்திருக்கிறது. அப்படியொரு தேடலின் நடுவில் எங்கள் மீது பாய்ந்த லேசர் ஒளியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

மறதி நோயுள்ள முதியவர் ஒருவர் மாலையில் வீட்டைவிட்டு வெளியேறி, இருட்டிய பின்னும் திரும்பாததால் எங்களை அழைத்திருந்தார்கள். கடைசி வரிசை வீடுகளுக்கும் அவற்றை அடுத்த வயல்களுக்கும் மேலே ஏறத்தாழ 600 அடி உயரத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து இருக்கையில் இருந்த கண்காணிப்பு அலுவலர், வெப்பப்படக் கேமராவின் திரையில் வரப்பு வரப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தேடுவது அவர் பொறுப்பு, ஓட்டுவது என் பொறுப்பு. ஆர்வத்தில் நானும் திரையை எட்டிப்பார்க்கத் தொடங்கினால், வெளியே பார்க்க ஆளில்லாமல் போய்விடும்.

ஒரே இடத்தில் நிற்காமல் ஏன் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. காற்றில் அசையாமல் நிற்பதற்கு இயந்திரம் மிகக் கூடுதலாக உழைக்க வேண்டும் என்பது ஒரு காரணம். வேகமும் போதிய உயரமும் இல்லாதபோது இயந்திரம் நின்றுவிட்டால் விமானியால் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பது அதைவிடப் பெரிய காரணம். முன்னோக்கிய வேகம் கையிலிருந்தால், இறங்கும்போது கீழிருந்து மேலெழும் காற்றைக் கொண்டே சுழலியைச் சுழலவிட்டு, இயந்திரம் இல்லாமலேயே தரையைத் தொட்டுவிடலாம். ஆனால் 600 அடியிலிருந்து அப்படி இறங்க ஏறத்தாழ 20 விநாடிகளே கிடைக்கும். அதற்குள் திறந்த இடம் ஒன்றைத் தேர்ந்து, மின்கம்பிகளை விலக்கி, காற்றின் திசைக்குத் திரும்பி, தரை நெருங்கும் சரியான கணத்தில் மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைக்க வேண்டும்.

2013 நவம்பர் 29 அன்று இரவு, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் காவல்துறை ஹெலிகாப்டர் ஒன்று மதுக்கூடம் ஒன்றின் கூரைமீது விழுந்ததில், அதிலிருந்த மூவரும் கட்டடத்துக்குள் இருந்த எழுவரும் உயிரிழந்தனர். அதற்கும் லேசருக்கும் தொடர்பில்லை. முதன்மைத் தொட்டியில் எரிபொருள் மிஞ்சியிருந்தும், அதை இயந்திரங்களுக்கான தொட்டிகளுக்கு மாற்றும் பம்புகள் அணைந்திருந்ததால் இரு இயந்திரங்களும் அடுத்தடுத்து நின்றுபோயின. இருந்தாலும், நகரின் மேல் தாழ்வாகப் பறக்கும் ஒரு விமானிக்குத் தவறைத் திருத்திக்கொள்ள எவ்வளவு குறைவான நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் அந்த இரவைத்தான் குறிப்பிடுவேன்.

எங்கள் தேடலில் மூன்றாவது வட்டத்தின்போது, விமானி அறை முழுவதும் சட்டென்று பச்சையாகிவிட்டது. தரையில் நிற்பவர் கையில் அது குண்டூசி முனையளவு புள்ளிதான். ஆனால் கற்றை தூரம் செல்லச் செல்ல விரிகிறது. சாதாரண லேசர் சுட்டியின் ஒளி அரை கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ அரை மீட்டர் அகலமாகிவிடும். வளைந்த முன்கண்ணாடியில் இருக்கும் நுண்ணிய கீறல்களிலும் தூசியிலும் அது பட்டுச் சிதறும்போது, கண்ணாடிக்கு அப்பால் இருப்பது எதுவும் தெரியாது. போதாக்குறைக்கு, மனிதக் கண் மிகக் கூர்மையாக உணரும் நிறங்களில் ஒன்று பச்சை. இருட்டுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசிவிட்டால், பழைய நிலைக்கு முழுமையாக வர 20 முதல் 30 நிமிடங்கள் வரை ஆகலாம்.

"லேசர், வலப்பக்கம்! உள்ளே பாருங்கள் சார்" என்றார் அலுவலர். பார்வையைக் கருவிகளின் மீது இறக்கி, ஒளி வந்த பக்கத்திலிருந்து விலகித் திரும்பி, உயரம் கூட்டினேன். ஒளி வரும் திசையைத் தேடி வெளியே பார்க்கத்தான் மனம் துடிக்கும். செய்யவே கூடாத காரியமும் அதுதான். திரும்பிய பின்னும் கருவிகளின் எண்கள் மீது ஊதாநிறக் கறை ஒன்று மிதந்துகொண்டே இருந்தது. உயரமானியைப் படிக்க முடியாமல் அலுவலரை வாசிக்கச் சொன்னதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

லேசர் அடிப்பவர்கள் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கற்றை எங்களிடம் வந்து சேர்வதைப் போலவே, அது புறப்பட்ட இடத்தையும் எங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கேமராவைத் திருப்பினால் மொட்டை மாடியில் நிற்கும் மனித உருவம் வெள்ளையாகத் தெரியும். வரைபடத் திரையில் தெருவும் வீடும் குறிக்கப்பட்டிருக்கும். அன்று சில நிமிடங்களில் தரைக் காவலர்கள் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பதினைந்து வயதுப் பையன். அவ்வளவு தூரம் ஒளி எட்டும் என்று தனக்குத் தெரியாது என்றானாம். நான் அதை நம்புகிறேன். எல்லோரும் அவனைப் போல அறியாமல் செய்பவர்கள் என்றும் சொல்ல மாட்டேன்: சத்தத்தால் எரிச்சலடைந்தவர்கள் இருக்கிறார்கள், வீட்டுக்குள் எட்டிப்பார்க்கிறோம் என்று கோபப்படுபவர்கள் இருக்கிறார்கள். வெப்பப்படக் கேமராவால் சுவரை மட்டுமல்ல, சாதாரண ஜன்னல் கண்ணாடியைக்கூட ஊடுருவிப் பார்க்க முடியாது என்பதைப் பின்னவர்கள் அறிந்துகொண்டால் நல்லது.

அமெரிக்காவில் விமானங்கள் மீது லேசர் அடிப்பது 2012 முதல் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய கூட்டாட்சிக் குற்றம். அப்படியிருந்தும் 2023-இல் மட்டும் 13,304 நிகழ்வுகள் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகத்தில் பதிவாயின. ஆகவே சட்டத்தைவிட, லேசர் சுட்டியை விளையாட்டுப் பொருளாக வாங்கித் தரும் பெற்றோரையே நான் அதிகம் நம்பியிருக்கிறேன். வானத்து நட்சத்திரங்களைச் சுட்டிக்காட்ட அதைப் பயன்படுத்துபவர்களும், சுழலியின் சத்தம் கேட்டவுடன் அணைத்துவிட வேண்டும். ஹெலிகாப்டரின் கவனத்தை ஈர்க்க வேண்டிய நிலையில் வழி தவறியோ அடிபட்டோ இருப்பவர்கள் மரத்தடியை விட்டுத் திறந்த வெளிக்கு வந்து, கைப்பேசித் திரையை எரியவிட்டாலே போதும். இரவுப் பார்வைக் கருவியில் அந்தச் சிறு வெளிச்சம் வெகு தொலைவிலிருந்தே தெரியும்.

அன்றைய தேடலை என்னால் தொடர முடியவில்லை. கண்ணில் கறையோடு தாழ்வாகப் பறக்கக் கூடாது என்பதால் தளத்துக்குத் திரும்பினோம். கண் மருத்துவர் பார்த்து அனுமதிக்கும்வரை நான் பறக்கவில்லை. முதியவரைத் தரைக் காவலர்கள் விடியற்காலையில் கண்டுபிடித்தார்கள். குளிரில் விறைத்துப்போய், ஆனால் உயிரோடு, வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தாராம். வரைபடத்தில் அந்த இடத்தைப் பார்த்தேன். எங்கள் நான்காவது வட்டம் அதன் மேல்தான் போயிருக்க வேண்டும்.