ரேமைக் காலியாக வைத்தால் கணினி வேகமாகிவிடாது

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். பெங்களூரு அல்சூரில் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், எஸ்.பி. ரோட்டில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் கடைக்கு நேற்று சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். 16 ஜிபி ரேம் (ஓடுகிற வேலையைக் கணினி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் மெமரி). கல்யாணப் பத்திரிகை வேலை பாதியில் இருக்கும்போது 'மெமரி போதவில்லை' என்று டிசைன் புரோகிராமான கோரல்டிரா மூடிக்கொள்கிறதாம். திறந்து பார்த்தால், விர்ச்சுவல் மெமரி செட்டிங்கில் 'நோ பேஜிங் ஃபைல்', அதாவது ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் ஒதுக்கும் இடமே வேண்டாம் என்று. கூடவே ரேமைக் காலி செய்கிற ரேம் கிளீனர் புரோகிராம் ஒன்று வேறு. எல்லாம் வீடியோ பார்த்துச் செய்தது.

"டாஸ்க் மேனேஜர்ல மெமரி எப்பப் பாத்தாலும் 60 சதவீதம் காட்டுதே தம்பி, அதான்" என்றார்.

இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. 60 சதவீதம் நோய் இல்லை. ஓடுகிற புரோகிராம்கள் கையில் வைத்திருக்கும் இடம் அது. மீதியையும் விண்டோஸ் சும்மா விடாது. அடிக்கடி தேவைப்படும் ஃபைல்களை அங்கே வைத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் உடனே இடம் கொடுக்கும். கிளீனர் இதையெல்லாம் வெளியே தள்ளினால் எண் குறையும், பார்க்க நன்றாக இருக்கும். அடுத்த கிளிக்கில் அதே சாமானை டிஸ்க்கிலிருந்து மறுபடி இழுத்து வர வேண்டும். கைக்கெட்டும் இடத்தில் இருந்த கத்தரிக்கோலைப் பரணில் ஏற்றிவிட்டு வேலை செய்கிற மாதிரி.

பேஜிங் ஃபைல் விஷயம் இன்னும் மோசம். புரோகிராம்கள் உண்மையில் பயன்படுத்துவதைவிட அதிக இடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைக்கும். அதற்கு ரேமும் பேஜிங் ஃபைலும் சேர்ந்துதான் ஈடு. அண்ணன் கணினியில் 'கமிட்டட்' (வாங்கி வைத்தது/மொத்த வரம்பு) 15.6/15.8 ஜிபி என்று நின்றது. உண்மையில் 5 ஜிபிக்கு மேல் ரேம் மிச்சம் இருந்தது! 'ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ்' டிக்கைத் திரும்பப் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது.

விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் செட்டிங்கில் 'மேக்சிமம் மெமரி' டிக் போடுவதையும் விடுங்கள். அது உச்சவரம்பு; மெமரியைக் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும்.

வேகம் வேண்டுமா? ரேம் ஸ்டிக்குகளைப் பாருங்கள். அண்ணன் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்தார், அதனால் பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவே இரண்டு பாதைக்குப் பதில் ஒரே பாதை (சேனல்). நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4 தான் சரி. மேனுவலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 3200 வேகத்தில் ஓட வேண்டிய ஸ்டிக் 2133இல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் எக்ஸ்எம்பியை (ஸ்டிக்கை அதற்குரிய வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) ஆன் செய்து, ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டிய பிறகுதான் கொடுத்தேன்.

அப்புறம், பிழைப்புக்கு வைத்திருக்கும் கணினியில் ரேமின் டைமிங்கையும் வோல்டேஜையும் தயவுசெய்து கையால் மாற்றாதீர்கள். ரேம் தப்புச் செய்தால் எப்போதும் நீலத்திரை வராது. சத்தமில்லாமல் ஃபைலைக் கெடுத்தபடி ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிக் கெட்ட ஃபைலை என்னால் மீட்டுத் தர முடியாது.