14 நாளில் அழியும் லாக், 180 நாள் கேட்கும் விதி

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, எனக்குத் தெரிந்த ஈரோட்டு ஜவுளி மொத்த வியாபாரி ஒருவரின் ஆர்டர் தளம் படுத்துவிட்டது. ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் போட்டார். "லாக்ல ஒண்ணும் இல்ல சார், உங்க நெட் லைனைப் பாருங்க" என்றார்கள். லாக் என்பது சர்வர் தன்னிடம் நடந்ததையெல்லாம் நேரத்தோடு எழுதி வைக்கும் பதிவு. நெட் லைன்காரர் "எங்க பக்கம் கிளியர்" என்றார். மூன்றாம் நாள் தளம் தானாகவே எழுந்தது. பண்டிகைக் கணக்கை முடித்துவிட்டு அவர் சைபர் கிரைம் போலீசுக்குப் போனபோது இருபது நாள் ஓடியிருந்தது. அங்கே முதல் கேள்வியே "லாக் எங்கே?" என்பதுதான். மறுபடியும் ஹோஸ்டிங்கில் கேட்டால், "பதினாலு நாள்தான் சார் இருக்கும், அதுக்கப்புறம் தானா அழிஞ்சிடும்."

அந்தப் பதினாலு நாள் யாரும் யோசித்து வைத்த கணக்கு இல்லை. உபுண்டு என்ற லினக்ஸ் சர்வரில், தளத்தைப் பார்வையாளருக்கு அனுப்பும் வெப் சர்வர் மென்பொருளான அப்பாச்சியையோ என்ஜின்எக்ஸையோ நிறுவினால் கூடவே வரும் இயல்பு அமைப்பு அது. தினம் ஒரு கோப்பு, பதினாலு சேர்ந்ததும் பழையது போய்விடும். யார் உள்ளே நுழையப் பார்த்தார்கள் என்று சொல்லும் லாகின் பதிவு நாலு வாரம் இருக்கும். விண்டோஸ் சர்வரில் நாள் கணக்கே கிடையாது. பாதுகாப்புப் பதிவுக்கு 20 எம்.பி. இடம், நிறைந்தால் பழையதன் மேலேயே எழுதும். கடவுச்சொல்லை மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கும் தாக்குதல் நடந்தால் அந்த 20 எம்.பி. ஒரே நாளில்கூடத் தீர்ந்துவிடும். அதாவது தாக்குபவனே தன் தடயத்தை அழித்துக்கொண்டு போவான்.

விதி கேட்பது 180 நாள். 2022 ஏப்ரல் 28 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் சர்ட்-இன் (இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) வெளியிட்ட உத்தரவு இது. நம் வேலைக்கு அதில் இரண்டு விஷயம் போதும். எல்லா கணினி அமைப்புகளின் லாக்கையும் 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சம்பவம் கண்ணில் பட்ட 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்க வேண்டியவை என்று 20 வகை உத்தரவின் பின்னிணைப்பில் இருக்கின்றன. தளத்தைத் திணறடித்து முடக்கும் சேவை மறுப்புத் தாக்குதல், அதாவது டாஸ், டிடாஸ், அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. கேட்ட தகவலைக் கொடுக்காவிட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராத வரம்பு முன்பு ஒரு லட்சம், 2023இல் ஒரு கோடியாக உயர்த்திவிட்டார்கள்.

"நாங்க சின்னக் கம்பெனி, எங்களுக்கு இது வராது." பத்துப் பேரிடம் பேசினால் எட்டுப் பேர் சொல்வது இதைத்தான். வரும். கம்பெனி என்று பதிவு செய்திருந்தால் போதும், விற்றுமுதல் வரம்பு என்று எதுவும் இல்லை. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்ததெல்லாம் 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் மட்டும். அது எப்போதோ முடிந்துவிட்டது. தனிநபராக வலைப்பூ வைத்திருப்பவர் கவலைப்பட வேண்டாம்.

அடுத்த பொறி, "அதெல்லாம் ஹோஸ்டிங்காரன் பார்த்துக்குவான்." அவன் பார்த்துக்கொள்வது அவனுடைய லாக்கை. உங்கள் கடையின் லாகின் பக்கத்தை யார் தட்டினார்கள் என்பது உங்கள் லாக். ஒப்பந்தத்தில் "பாதுகாப்பு முழுவதும் எங்கள் பொறுப்பு" என்று எழுதி வாங்கியிருந்தாலும் தெரிவிக்கும் கடமை உங்களை விட்டுப் போகாது. சர்ட்-இன் வெளியிட்ட கேள்வி பதிலிலேயே இது இருக்கிறது. வெளிநாட்டு சர்வரில் லாக் இருக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் அதிலேயே பதில் உண்டு. இருக்கலாம், கேட்டால் உரிய நேரத்தில் எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும்.

இனி லாக்கையே பார்ப்போம். கோப்பு இருந்தும் ஏமாறுகிற இடம் இது. வந்த கோரிக்கைகள் ஆக்சஸ் லாக்கில் இருக்கும், கோளாறுகள் எர்ரர் லாக்கில்.

"ஆக்சஸ் லாக் சுத்தமாக இருக்கிறது, எனவே தாக்குதல் இல்லை" என்று சப்போர்ட்காரர் சொன்னால் நம்பாதீர்கள். வெப் சர்வர் ஒரு கோரிக்கையை முடித்த பிறகுதான் அதை லாக்கில் எழுதும். சில நூறு இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, சில நொடிக்கு ஒருமுறை ஒரு வரி அனுப்பி முடிக்காமலே இழுக்கும் தாக்குதல் இருக்கிறது. ஸ்லோலோரிஸ் என்பார்கள். அது நடக்கும் நேரத்தில் ஆக்சஸ் லாக் வெறிச்சோடிக் கிடக்கும். பண்டிகை வாரத்தில் ஒரு துணிக்கடைத் தளத்தின் லாக் திடீரென்று அமைதியானால், அந்த அமைதியேதான் அறிகுறி. அப்போது எர்ரர் லாக்கைத் திறக்க வேண்டும். அப்பாச்சி, கோரிக்கைகளைக் கவனிக்கும் தன் வேலையாட்கள் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டுவிட்டது என்று அங்கே புலம்பியிருக்கும். இணைப்பைத் தொடங்கிவிட்டுப் பாதியில் விடும் வெள்ளமாக இருந்தால் வெப் சர்வருக்கு அது தெரியவே தெரியாது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் லாக்கில், இந்தத் தாக்குதலின் பெயரான சின் வெள்ளம் (SYN flooding) என்று ஒரே ஒரு வரி இருக்கும். ஈரோட்டுக்காரருக்கு அந்த இரண்டு கோப்பையும் யாரும் திறந்து பார்க்கவில்லை.

நுழைய முயல்பவர்கள் வேறு மாதிரி. அவர்கள் சத்தம் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். முகவரியில் ../../../ என்று படிப்படியாக மேலே ஏறும் கோரிக்கை, வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளே இல்லாத தளத்தில் வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் தேடும் கோரிக்கை, வரிசையாக 404, அதாவது அப்படி ஒரு பக்கம் இல்லை என்ற பதில் எண். ஒரே ஐபியிலிருந்து, அதாவது ஒரே இணைய முகவரியிலிருந்து, ஐந்து நிமிடத்தில் முந்நூறு 404 வந்தால் அது வாடிக்கையாளர் இல்லை. இதற்கெல்லாம் உடனே புகார் எழுத வேண்டாம், தினம் வரும் கொசு. பார்க்க வேண்டியது, அந்த 404களுக்கு நடுவே ஒரு 200, அதாவது கேட்டது கிடைத்தது என்ற பதில், வந்திருக்கிறதா என்று.

ஆனால் 200 என்றாலே கதவு திறந்துவிட்டது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. வேர்ட்பிரஸில் கடவுச்சொல் தப்பாக அடித்தாலும் 200தான் வரும், லாகின் பக்கத்தையே திரும்பக் காட்டுவதால். சரியாக அடித்தால், வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும் 302 வரும். நான் பார்த்த ஒரு பதிவில் 200, 200 என்று நாலாயிரம் வரிக்கு மேல். "எல்லாம் ஓகே சார், 200தானே" என்று அங்கிருந்த சப்போர்ட் பையன் சொன்னான். கடைசி வரி 302. நேரம் 20:43.

அந்த 20:43இல் இன்னொரு கூத்து. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். உண்மையில் நடந்தது மறுநாள் அதிகாலை 2:13. புகாரில் ஒரு தேதி, லாக்கில் ஒரு தேதி. "தேதி ஒத்துப்போகலையே, திருத்திக் கொண்டு வாங்க" என்று காவல் நிலையத்தில் அனுப்பிவிட்டார்கள். போய்த் திரும்ப அரை நாள். புகாரிலேயே இரண்டு நேரத்தையும் எழுதி, வித்தியாசம் 5:30 என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். சர்வர் கடிகாரத்தை என்.ஐ.சி. (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்திசைக்கச் சொல்வதும் இதே உத்தரவுதான்.

பார்வையாளருக்கும் சர்வருக்கும் நடுவே நிற்கும் கிளவுட்ஃபிளேர் மாதிரி சேவை ஏதாவது இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். அமைப்பைச் சரியாகச் செய்யாவிட்டால் லாக்கில் வருகிற ஐபி எல்லாமே கிளவுட்ஃபிளேருடையதாக இருக்கும். 180 நாள் அப்படிச் சேர்த்துக் கொடுத்தால் வாங்குபவர் தலையில் அடித்துக்கொள்வார்.

எங்கே போவது? 1930 எண் பணம் பறிபோனவர்களுக்கானது. பணம் போகவில்லை என்றால் அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியச் சொல்வார்கள். சர்ட்-இன் போலீஸ் கிடையாது, வழக்குப் போடாது. ஆனால் 6 மணி நேரக் கடமை அவர்களிடம்தான். மின்னஞ்சலில் எழுதலாம், 1800-11-4949க்குப் பேசலாம். முழு விவரம் கைக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இருப்பதை அனுப்பிவிட்டு மீதியை அப்புறம் கொடுக்கலாம். வழக்கு வேண்டுமென்றால் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். சேவையை முடக்குவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின் கீழ் குற்றம், மூன்றாண்டு வரை சிறை உண்டு. இந்தச் சட்டத்தில் விசாரிக்க இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும் என்று 78ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் எஸ்.ஐ. மேசையில் உட்கார்ந்து பொழுதைக் கழிக்காமல் நேராக இன்ஸ்பெக்டரைக் கேளுங்கள்.

லாக்கைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவதில் பலனில்லை. கோப்பை நகலெடுத்த அன்றே அதன் ஹாஷ் எண்ணையும் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும், கைரேகை மாதிரி) எடுத்து எழுதி வையுங்கள். நீதிமன்றத்துக்குப் போகும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் அதைக் கேட்பார்கள். அந்தச் சான்றிதழில் சர்வரைப் பொறுப்பில் வைத்திருப்பவரும் ஒரு நிபுணரும் கையெழுத்துப் போட வேண்டும். "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்று ஹோஸ்டிங்காரர் சொல்லும் இடமும் இதுதான். புதுப்பிக்கும் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே, கேட்டால் லாக்கும் சான்றிதழில் கையெழுத்தும் தருவதற்கு எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

14ஐ மாற்றுவது ஐந்து நிமிட வேலை. லாக் சுழற்சிக் கோப்பில் அந்த எண்ணை 200 ஆக்கி, சுருக்கச் சொல்லிவிட்டால் போதும். உரைக் கோப்பு என்பதால் நன்றாகச் சுருங்கும், இடம் பெரிதாகப் பிடிக்காது. ஒரு நகல் கட்டாயம் வேறு மெஷினில் இருக்கட்டும், உள்ளே நுழைந்தவன் முதலில் அழிப்பது லாக்கைத்தான். சப்போர்ட்காரர் "மாத்தியாச்சு சார்" என்றால், பதினைந்தாம் நாள் நீங்களே உள்ளே போய்ப் பழைய கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.