எதுக்கு ஸ்கோப் அதிகம் என்று இனிமேல் கேட்காதீர்கள்

எந்தக் கம்ப்யூட்டர் மொழி படித்தால் ஸ்கோப் அதிகம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சென்னையில் சாஃப்ட்வேர் வேலைக்கு வரும் ஃப்ரெஷர்களை இன்டர்வியூ எடுக்கும் பேனலில் உட்காருபவன் நான். போன வாரம் மறுபடியும் அதே ரெஸ்யூமே, பெயரும் கல்லூரியும்தான் வேறு. சி, ஜாவா, பைத்தான், ஆங்குலர், ரியாக்ட், மெஷின் லேர்னிங், ஏ.டபிள்யூ.எஸ். என்று ஒரு வரி நிறைய. "இதில் எது தம்பி நன்றாகத் தெரியும்?" என்றால், "எல்லாத்துலயும் பேசிக்ஸ் தெரியும் சார்". சரி என்று இரண்டு டேபிள் கொடுத்தேன். ஒன்றில் வாடிக்கையாளர்கள், இன்னொன்றில் ஆர்டர்கள், ஒரு ஆர்டர்கூடப் போடாதவர்களின் பட்டியல் வேண்டும். இரண்டு டேபிளிலும் பொருந்துவதை மட்டும் எடுக்கும் இன்னர் ஜாயின் போட்டுவிட்டு, அதன் கீழே ஆர்டர் ஐடி நல் (காலி) என்று நிபந்தனை எழுதினான். ஆர்டர் இல்லாதவர்களை அந்த ஜாயினே கழற்றி விட்டுவிடுமே, அப்புறம் நல் எங்கிருந்து வரும்? வாடிக்கையாளர் எல்லோரையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் என்று எழுதியிருந்தால் முடிந்தது. பையன் புத்திசாலிதான். மாதத்துக்கு ஒரு கோர்ஸ் என்று தாவியதில் எதிலும் கை பழகவில்லை.

ஏன் தாவினாய் என்றால், "ஜாவா பழசு சார், டாட்நெட் செத்துப்போச்சு, இப்போ எல்லாம் பைத்தான்தான்". கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஜாவா வெளிவந்தது 1995இல், பைத்தான் 1991இல். புதுசு என்று நீங்கள் ஓடிப் பிடிப்பது நீங்கள் பழசு என்பதைவிட நான்கு வயது மூத்தது! 1959இல் பிறந்த கோபால் (COBOL) என்ற மொழி இன்னமும் வங்கிகளின் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் 2007இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த சில்வர்லைட் என்ற வெப் தொழில்நுட்பத்துக்கு 2021 அக்டோபரோடு ஆதரவே நின்றுவிட்டது. வெப் பக்கங்கள் செய்ய உதவும் ஆங்குலர் ஜேஎஸ் கற்றவர்கள் 2016இல் ஆங்குலர் 2 வந்தபோது ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஆக, வயதைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. ஒரு மொழியில் எழுதிய பில்லிங், இன்ஷூரன்ஸ், வங்கி மென்பொருள் எவ்வளவு இன்றும் ஓடுகிறது என்று பாருங்கள். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதப் பெரும்பாலான நிறுவனங்களுக்குக் காசும் கிடையாது, தைரியமும் கிடையாது. பராமரிக்க ஆள் வேண்டும், அங்கேதான் பலருடைய முதல் வேலை இருக்கிறது.

மைக்ரோசாஃப்டின் மென்பொருள் தளமான டாட்நெட் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்று இன்னும் பாடம் நடத்துகிறார்களாம். 2016இல் டாட்நெட் கோர் வந்ததிலிருந்தே அது லினக்ஸிலும் ஓடுகிறது, சொல்லிவிடுங்கள்.

பைத்தான் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல மொழி. ஆனால் பைத்தான் முடித்தால் ஏ.ஐ. வேலை என்பது, கரண்டி பிடிக்கத் தெரிந்தவுடன் கல்யாணச் சமையலை ஒத்துக்கொள்வது மாதிரி. மாடல் உருவாக்கும் வேலைக்குப் புள்ளியியலும் லீனியர் அல்ஜீப்ராவும் கேட்பார்கள், பல இடங்களில் முதுகலையோ அனுபவமோ வேண்டும் என்பார்கள். ஜேங்கோ என்ற பைத்தான் ஃப்ரேம்வொர்க்கில் வெப், ஆட்டோமேஷன் டெஸ்டிங், டேட்டா என்று ஒரு திசையைத் தெரிந்துகொண்டு பைத்தான் படித்தால் வாழ்த்துகள்.

எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? யூடியூபை மூடுங்கள். நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தைத் திறந்து, நீங்கள் வேலை பார்க்கப்போகும் ஊரையும் ஓராண்டுக்குள் அனுபவம் என்பதையும் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விளம்பரங்களைப் படியுங்கள். எங்குமே ஒரு மொழியை மட்டும் தனியாகக் கேட்க மாட்டார்கள். ஜாவா என்றால் ஸ்பிரிங் பூட் என்ற ஃப்ரேம்வொர்க் சேர்ந்து வரும், டாட்நெட் என்றால் சி ஷார்ப் மொழியும் ஏ.எஸ்.பி. டாட்நெட் கோர் என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கும் வரும். டேட்டாபேஸுக்கான எஸ்.க்யூ.எல்.லும், கோட் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட்டும் (Git) இரண்டிலும் இருக்கும், ஆனால் அந்த இரண்டையும்தான் யாரும் உருப்படியாகப் படிப்பதில்லை. ஆண்ட்ராய்டு ஆப் செய்யும் ஆசை இருந்தால் காட்லின் மொழி படியுங்கள், 2019லேயே கூகுள் அதற்குத்தான் முதலிடம் என்று சொல்லிவிட்டது. (கேம்பஸில் பெரிய சர்வீஸ் கம்பெனி ஆஃபர் கையில் இருக்கிறதா? எந்தத் தொழில்நுட்பத்தில் போடுவது என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள், பயிற்சியும் அவர்களே தருவார்கள். வெளியில் பணம் கட்டாதீர்கள்.)

ஒன்றை எடுத்தால் ஆறு மாதம் மாற்றாதீர்கள், பக்கத்து வீட்டு அண்ணன் என்ன சொன்னாலும் சரி. எர்ரர் வந்தவுடன் அதை அப்படியே ஏ.ஐ.யிடம் ஒட்டாதீர்கள், அந்தச் சிவப்பு எழுத்துகளில் உங்கள் ஃபைல் பெயர் வரும் வரியைத் தேடிப் பிடித்து, அங்கே என்ன நடந்தது என்று நீங்களே பாருங்கள். புராஜெக்ட் என்று நூலக மேலாண்மையை இறக்கி வந்து காட்டாதீர்கள், நாங்கள் பார்க்காத நூலகம் இல்லை. உங்கள் தெரு மளிகைக் கடையின் கடன் நோட்டைச் செய்யுங்கள். பாதிப் பணம் கட்டினால் மீதி எப்படி நிற்கும், அண்ணாச்சி தப்பாகப் போட்ட தொகையை எப்படித் திருத்துவது என்று யோசித்திருந்தாலே எங்களுக்குப் பேச நிறைய இருக்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூறு சதவீத பிளேஸ்மென்ட் என்ற போர்டைப் பார்த்து நகையை அடகு வைக்காதீர்கள். கடைசி பேட்ச் பிள்ளைகள் எங்கே சேர்ந்தார்கள் என்று கேட்டு, அவர்களில் இரண்டு பேரிடமாவது பேசிவிட்டு, ஃபீஸைத் தவணையாகக் கட்டுங்கள். இரண்டு வருட அனுபவம் போட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் படியை விட்டு உடனே இறங்கிவிடுங்கள். பி.எஃப். பதிவைப் பார்த்தால் அந்தப் பொய் தெரிந்துவிடும், வேலையில் சேர்ந்த பிறகு மாட்டினாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணத்தை எவனும் திருப்பித் தரமாட்டான்.