கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகும் தலைவலி ஏன்?

"ஆபரேஷன் நல்லா முடிஞ்சிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறமும் என்ன தலைவலி?" பிசியோதெரபிக்கு வருபவரிடம் வீட்டார் என் எதிரிலேயே இப்படிக் கேட்பார்கள். அவருக்குப் பதில் சொல்லத் தெரியாது. நான் சொல்கிறேன்: அந்த வலி நிஜம்.

விபத்தில் கழுத்து ஜவ்வு விலகி, கைக்கு வலி இறங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் 5, 6, 7-ஆம் எலும்புகளுக்கு நடுவில்தான் ஜவ்வை எடுத்து ப்ளேட் வைப்பார்கள். கைவலியும் மதமதப்பும் அதில் குறையும். தலைவலியைக் கிளப்புவதோ பல நேரம் மண்டையை ஒட்டிய மேல்கழுத்து. அங்குள்ள முதல் மூன்று நரம்புகளும் முகத்தின் உணர்வைச் சுமக்கும் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் சேர்கின்றன. அதனால்தான் பிடரிக் கோளாறு நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் வலிக்கிறது. கண்ணாடியை மாற்றி, சைனஸ் என்று ஆவி பிடித்து அலுத்துப்போய் வருகிறவர்கள் நிறையப் பேர்.

நான் முதலில் கேட்பது மாத்திரைக் கணக்கு. போட்ட நாளையெல்லாம் காலண்டரில் வட்டமிடச் சொல்வேன். பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரமடால் போன்ற வலுவான வலி மருந்து அல்லது பல வலி மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரைகள் 10 நாளோ அதற்கு மேலோ என 3 மாதம் தாண்டினால், மாத்திரையே தலைவலியைத் தரத் தொடங்கிவிடலாம். உடனே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; மருத்துவரிடம் கேட்டுக் குறையுங்கள்.

ஆபரேஷன் செய்தவர் சம்மதித்த பிறகு, ஒரு சின்னப் பயிற்சி. மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், 'ம்' என்று தலையாட்டுவதுபோல் தாடையை லேசாக இறக்கி 10 விநாடி. கழுத்தின் இருபுறமும் தசை கயிறாகப் புடைத்தால் அதிகம் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். இவ்வளவுதானா என்று கேட்பார்கள். இவ்வளவுதான், ஆனால் வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் கழுத்துக் காலரை மாட்டிக்கொண்டே இருந்தால் இதே தசைகள்தான் தளர்ந்துபோகும்.

சலூனில் கழுத்துச் சொடக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். நல்ல கழுத்திலேயே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்துவிடக்கூடும்.

திடீரென இதுவரை காணாத தலைவலி, காய்ச்சல், தையலில் கசிவு, எழுந்து உட்கார்ந்தால் அதிகமாகி, படுத்தால் குறையும் வலி, நடை தள்ளாடுவது, சட்டைப் பித்தான் போடக் கை தடுமாறுவது, சிறுநீர் அடங்காமை: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளிப்போட வேண்டாம்.