நல்ல ஆல்பம் தானாக வந்து சேராது

மாஸ்டரிங் என் தொழில். மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிந்த குரலையும் கருவிகளையும் ஒன்றாகச் சேர்ப்பது) முடிந்து வரும் பாடல்களின் சத்தத்தைச் சமன்படுத்தி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை விநாடி அமைதி இருக்கலாம் என்று கலைஞரோடு உட்கார்ந்து முடிவு செய்து, வெளியீட்டுக்கான கோப்புகளைத் தயார் செய்து கொடுப்பது. என்னிடம் வருகிறவற்றில் பெரும்பாலானவை சினிமாவுக்கு வெளியே உருவாகும் ஆல்பங்கள். பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு, ராத்திரியில் உட்கார்ந்து, சொந்தக் காசைப் போட்டுச் செய்தவை. அவற்றில் பல, வெளிவந்த ஒரு மாதத்துக்குள் யார் கண்ணிலும் படாமல் மறைந்துவிடுகின்றன. ரசிக்கக்கூடியவர்கள் ஊரில் இருக்கிறார்கள், எனக்கே நிறையப் பேரைத் தெரியும். அவர்களிடம் போய்ச் சேரும் வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது. அந்த வழியைக் கேட்பவர்களே திறக்க முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

"நல்லா இருந்தா ஆப்பே காட்டிடும்" என்று யாராவது சொன்னால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். பாட்டுக் கேட்கும் செயலி எதை வைத்துக் கணக்குப் போடுகிறது என்று கொஞ்சம் பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. இரண்டு நிமிடப் பாட்டுக்கும் ஒன்று, ஒரு மணி நேர இசைக்கும் ஒன்றுதான்.

சிட்னியில் தி நெக்ஸ் என்று ஒரு மூவர் குழு, 1987-இலிருந்து வாசித்துவருகிறது. பியானோ, பாஸ், டிரம்ஸ். அவர்களுடைய ஆல்பங்கள் பலவற்றில் மொத்தமே ஒரு உருப்படிதான். 2003-இல் வந்த 'டிரைவ் பை' கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஓடும். பிரான்ஸின் எலியான் ராடீக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை வைத்து உருவாக்கிய 'ட்ரிலொஜி த லா மோர்' மூன்று பாகம், ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம். இரண்டாவது பாகத்தின் பெயர் 'கைலாஷா', கயிலை மலையை மனதில் வைத்துச் செய்தது. முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். இருபதாவது நிமிடத்தில் நீங்கள் வேறெங்கோ வந்து சேர்ந்திருப்பீர்கள், எப்போது நகர்ந்தது என்று சொல்ல முடியாது. தம்புராவின் சுருதிக்குள் உட்கார்ந்து பழகிய காது நம்முடையது. இந்த இசைக்கு நாம் அந்நியர்களே அல்ல. ஆனால் ஒரு மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டவரும், பஸ் வருவதற்குள் பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டுத் தாவியவரும் செயலியின் கணக்கில் ஒன்றுதான்.

பணக் கணக்கு இன்னும் மோசம். 2024-இலிருந்து, முந்தைய 12 மாதங்களில் 1000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவு ராயல்டி (பதிவின் உரிமையாளருக்குச் சேர வேண்டிய பங்கு) தருவதில்லை. பத்துப் பாட்டுள்ள ஓர் ஆல்பத்தை ஒரு வருடத்தில் அறுநூறு பேர் ஆளுக்கு ஒரு தடவை முழுதாகக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு சிறிய கலைஞருக்கு அது பெரிய கூட்டம். ஓர் அரங்கமே நிறையும். அந்தக் கூட்டத்தால் அவருக்கு அங்கே ஒரு பைசா வராது. இது போக, 2020-இல் அந்த நிறுவனம் டிஸ்கவரி மோட் என்று ஒரு ஏற்பாட்டை அறிவித்தது. கலைஞரோ ஆல்பத்தை வெளியிடும் நிறுவனமான லேபிளோ சில பாடல்களைக் குறித்துக் கொடுத்தால், ரேடியோ, ஆட்டோபிளே போன்ற இடங்களில் அவை தலைகாட்டும் வாய்ப்பு கூடும். பதிலுக்கு, அந்த இடங்களில் கேட்கப்படுவதற்கான ராயல்டியில் 30 சதவீதம் நிறுவனத்துக்கு. "உங்களுக்காக" என்று வந்து நிற்கும் பாட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு வியாபாரமும் இருக்கலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஸ்ட்ரீமிங்கை நிறுத்தச் சொல்லவில்லை, நானும் தினமும் கேட்கிறேன். தேடுகிற வேலையை முழுவதுமாக அதனிடம் ஒப்படைக்க வேண்டாம் என்கிறேன்.

சரி, எங்கே தேடுவது? பிடித்த ஓர் ஆல்பத்தில் யார் யார் வேலை செய்தார்கள் என்ற பட்டியலைப் படிப்பதிலிருந்து தொடங்குங்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யாவை எடுத்துக்கொள்வோம். 2024-இல் அவருடைய இரண்டு ஆல்பங்கள் வந்தன. ஒன்று 'லைக் த ஸ்கை ஐவ் பீன் டூ கொயட்', வெளியிட்டது நேட்டிவ் ரெபல் ரெக்கார்டிங்ஸ். அது லண்டன் ஜாஸ் கலைஞர் ஷபாகா நடத்தும் லேபிள். இன்னொன்று 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்', பெர்லினின் லைட்டர் லேபிளில் வந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பியானோ கலைஞர் நில்ஸ் ஃபிராம். ஆக, ஒரு பாடகியிடமிருந்து இரண்டு லேபிள்கள் கிடைத்துவிட்டன. இரண்டாவது ஆல்பத்தில் பங்கேற்றவர்களைப் பாருங்கள். அதில் ராஜ்னா சுவாமிநாதன் இருக்கிறார், மிருதங்கக் கலைஞர். அவருடைய 'ஆஃப் ஏஜென்சி அண்ட் ஆப்ஸ்ட்ராக்‌ஷன்' 2019-இல் பயோஃபிலியா ரெக்கார்ட்ஸில் வந்தது. மிருதங்கம் நடுவில் இருந்து ஜாஸ் குழுவை நகர்த்தும் ஆல்பம் அது. கச்சேரியில் மிருதங்கத்தைப் பக்கவாத்தியமாகவே கேட்டுப் பழகியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அதே பட்டியலில் விஜய் ஐயரும் இருக்கிறார், அமெரிக்கத் தமிழ்க் குடும்பத்துப் பியானோ கலைஞர். 2023-இல் பாடகி அரூஜ் அஃப்தாபும் இசைக்கலைஞர் ஷாஸாத் இஸ்மாயிலியும் அவரும் சேர்ந்து 'லவ் இன் எக்ஸைல்' வெளியிட்டார்கள். அங்கிருந்து அரூஜின் 'வல்ச்சர் பிரின்ஸ்', அதை முதலில் வெளியிட்ட நியூயார்க்கின் நியூ ஆம்ஸ்டர்டாம் ரெக்கார்ட்ஸ் என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போதும், ஆறு மாதத்துக்குக் கேட்கக் கிடைத்துவிடும்.

சிறிய லேபிளின் பின்னால் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்களுடைய ரசனைதான் அந்த லேபிள். அதனால் ஒரு லேபிளின் இரண்டு ஆல்பங்கள் உங்களுக்குப் பிடித்துவிட்டால் மூன்றாவதையும் நம்பித் தொடலாம். டெல்லியின் பாக்ஸ்அவுட், லண்டனின் என்டிஎஸ் போன்ற இணைய வானொலிகளும் அப்படித்தான். அங்கே பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் ஒரு மனிதர். என்ன போட்டார் என்ற பட்டியலையும் நிறைய நேரம் நிகழ்ச்சிப் பக்கத்திலேயே தந்துவிடுவார்கள்.

யாராவது ஒருவர் தேடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. பம்பாய் சினிமாவில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-இல் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற ஆல்பத்தைச் செய்தார். ரோலண்ட் நிறுவனத்தின் மின்னணுக் கருவிகளில் பைரவ், லலித், பூபாளி என்று பத்து ராகங்கள். சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசைப் பாணி உருவாவதற்குச் சில வருடங்கள் முன்பே கிட்டத்தட்ட அதே ஒலி இதில் இருந்தது. வெளிவந்தபோது அது கவனிக்கப்படவில்லை. எடோ பௌமன் என்ற நெதர்லாந்துக்காரர் தேடிப்பிடித்து 2010-இல் மறுவெளியீடு செய்தார். 28 வருடம்! சரண்ஜித் தன் எழுபதுகளில் மேடையேறி அதை வாசித்தார். 2015-இல் காலமானார். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இலேயே மூக் சிந்தசைசருடன் ஒரு மின்னணு இசைக்கூடம் இருந்தது. அங்கே கீதா சாராபாய் உள்ளிட்ட ஐந்து பேர் செய்த பதிவுகள் ஆவணக் காப்பகத்தில் நாடாச் சுருள்களாகவே கிடந்து, இசைக்கலைஞர் பால் பர்கஸின் முயற்சியால் 2023-இல்தான் 'தி என்ஐடி டேப்ஸ்' என்று வெளிவந்தன. இன்று செய்யப்படும் ஆல்பங்களுக்கு இந்தக் கதி வரக்கூடாது. அவற்றைச் செய்தவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள்.

கேட்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வேலை அதில்தான் வீணாகிறது. போன் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது அடி ஆழத்து பாஸ் ஒலியில், கிட்டத்தட்ட ஒன்றுமே வராது. பரிசோதனை இசையில் பாதி விஷயம் அங்கேதான் நடக்கும். சாதாரண வயர் இயர்போன் போதும், விலை உயர்ந்தது வேண்டாம். அடுத்தது ஷஃபிள், பாடல்களின் வரிசையைக் கலைத்துப் போடுவது. ஆல்பத்தை வரிசையாக ஓட விட்டால் ஸ்பாட்டிஃபை மொத்த ஆல்பத்தின் சத்தத்தையும் ஒரே அளவில்தான் ஏற்றி இறக்கும். மெல்லிய பாட்டு மெல்லியதாகவே இருக்கும். ஷஃபிளிலோ பிளேலிஸ்ட்டிலோ ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகச் சமன்படுத்தும். முணுமுணுப்பும் முழக்கமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். நானும் கலைஞரும் மணிக்கணக்கில் யோசித்து வைத்த ஏற்ற இறக்கம் அதில் காணாமல் போகிறது. முதல் முறையாவது வரிசையாகக் கேளுங்கள்.

பிடித்துவிட்டால் வாங்குங்கள். 2008-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள், கட்டணம் செலுத்தும் செலவு தனி. மீதி கலைஞருக்கோ லேபிளுக்கோ போகிறது. சில மாதங்களில் முதல் வெள்ளிக்கிழமை அந்தப் பங்கையும் விட்டுக்கொடுப்பார்கள். 2020 மார்ச்சில், கொரோனா காலத்தில் தொடங்கிய வழக்கம் அது. ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம், யாரும் பிறகு பிடுங்க முடியாது. நம் ஊரில் பலர் பணம் கட்டும் இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கியின் செயலியில் போய் அதை இயக்கி, சிறிய வரம்பு ஒன்றை வைத்துவிட்டு, வாங்கி முடித்ததும் மறுபடி அணைத்துவிடலாம். இன்னொன்று: ஆல்பம் பக்கத்தில் அதை வாங்கியவர்களின் சிறிய படங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தொட்டால் அவர் வாங்கிய மற்ற ஆல்பங்கள் எல்லாம் தெரியும். உங்கள் ரசனையோடு ஒத்துப்போகும் யாரோ ஒருவரின் அலமாரி அது. நான் மிகவும் நேசிக்கும் ஆல்பங்களில் சில அப்படிக் கிடைத்தவை.

அப்புறம் பரிந்துரைப்பது. வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட்டு "செம" என்று எழுதினால் யாரும் திறக்க மாட்டார்கள். ஒருவருக்கு, ஓர் ஆல்பம், ஒரு காரணம். "நீங்க தவில் கேக்குறவரு. இதுல மூணாவது பாட்டுலேர்ந்து ஆரம்பிங்க, நாலாவது நிமிஷத்துல தாளம் மாறுற இடம் ஒண்ணு இருக்கு" என்று சொன்னால் கேட்பார். பாணியின் பெயரைச் சொல்லாதீர்கள், அவருக்கு ஏற்கெனவே பழகிய ஓர் ஒலியிலிருந்து தொடங்குங்கள். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) பிடித்தவருக்கு, பாடல் வரியே இல்லாத ஓர் ஆல்பத்தை முழுதாகக் கேட்கும் பழக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது. அவரிடம் தயங்காமல் தூரமாகப் போகலாம். பிடிக்கவில்லை என்று சொன்னால் வாதாட வேண்டாம், எந்த இடத்தில் நிறுத்தினார் என்று மட்டும் கேளுங்கள். இரைச்சல் தாங்கவில்லை என்பவருக்கும், ஒன்றுமே நடக்கவில்லை என்பவருக்கும் அடுத்ததாகத் தர வேண்டிய ஆல்பம் வேறு வேறு.