பார்மட் செய்ய முதல் சார்ஜரைப் பாருங்கள்

போன கிழமை உப்புவெளிப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "அண்ணை, இது செத்துப்போச்சு. நாலு வருசக் கலியாணப் படமெல்லாம் இதுக்குள்ளதான்." கடையில் ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி ஒன்றில் கொழுவி வைத்திருந்தாராம், சிலநேரம் தெரியும், சிலநேரம் தெரியாது, கடைசியில் தெரியவே இல்லை. பார்மட் செய்து பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல காலம், செய்யாமல் வந்தார்.

"எதில கரண்ட் குடுக்கிறீங்கள்?" என்று கேட்டேன். பழைய போன் சார்ஜர்.

இதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். அதன் நான்கு யூஎஸ்பி போர்ட்டுகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். தனி அடாப்டர் இல்லாத சின்ன ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் அதில் பெரும்பங்கை இழுத்துவிடலாம், அதோடு கேபிளும் மெல்லியதாக, நீளமாக இருந்தால் வோல்ட் வழியிலேயே விழுந்துவிடும். பை 5 என்றாலும் கவனம்: 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் அது யூஎஸ்பிக்கு 0.6 ஆம்பியர் மட்டுமே விடும், 5 ஆம்பியர் போட்டால்தான் 1.6.

மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையில் மின்னல் குறி வரும். ஆனால் அலுமாரி மூலையில் கிடக்கும் பெட்டிக்குத் திரை ஏது? அதனால் 'vcgencmd get_throttled' கட்டளையைக் கொடுத்துக் கேளுங்கள். 0x0 வந்தால் சரி. 0x50000 வந்தால், இப்போது ஒழுங்காக இருந்தாலும், கணினியைப் போட்டதிலிருந்து ஒருமுறையாவது வோல்ட் விழுந்திருக்கிறது. தம்பியின் பெட்டி அதைத்தான் காட்டியது.

அப்புறம், கணினி எழுதும் குறிப்புகளை உடனுக்குடன் காட்டும் 'dmesg -w' கட்டளையை ஓட விட்டுவிட்டு சாதனத்தைக் கழற்றி மாட்டுங்கள். ஒரு வரிகூட வரவில்லையா, கேபிள் அல்லது போர்ட். சார்ஜ் ஏற்ற மட்டும் செய்த கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது, அது அடிக்கடி ஆளை ஏமாற்றும். எரர் -71, -110 என்று வந்தால் சாதனம் வந்து கதவைத் தட்டுகிறது, பேச்சு நடுவில் அறுகிறது. பெரும்பாலும் கரண்ட், கேபிள், இல்லாவிட்டால் போர்ட்டின் தொடுமுனை. யூஎஸ்பியில் மாட்டியதைக் காட்டும் 'lsusb' பட்டியலில் பெயர் இருந்தும் டிஸ்க் திறக்கவில்லை என்றால்தான் மென்பொருள் பக்கம் போக வேண்டும்.

திருகோணமலைக்காரர் இன்னொன்றையும் பார்க்கத்தான் வேண்டும்: கடற்காற்று. நிலாவெளியிலிருந்து வந்த ஒரு போர்டின் யூஎஸ்பி வாயை டோர்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே நான்கு தொடுமுனைகளில் இரண்டு பச்சை பூத்திருந்தன. மின்சாரத்தை முழுதாக நிறுத்திவிட்டு, ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட மெல்லிய பிரஷால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மாட்டினேன், எடுத்தது. சுரண்டாதீர்கள், மேல்பூச்சு போனால் உப்பு இன்னும் வேகமாகத் தின்னும்.

தம்பியின் டிஸ்க்கை, சொந்த அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வழியாகக் கொழுவினேன். ஒருமுறை உறுமிவிட்டுச் சுழன்றது, கோப்புறைகள் வரிசையாக வந்தன. படம் முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்கும் பிரதி எடுத்துத்தான் அனுப்பினேன், முடிய இரவு பதினொன்றரை ஆகிவிட்டது.