டிரா கேட்கத் தெரியாமல் போகும் அரைப் புள்ளி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் சதுரங்கத் தொடக்கங்களை நன்றாகவே மனப்பாடம் செய்கிறார்கள். கறுப்புக் காய்களுடன் பெரிய ஆட்டக்காரரையும் சமன்வரை இழுத்துவிடுகிறார்கள். ஆனால் ஆளுக்கு அரைப் புள்ளி தரும் டிராவை (சமனை) முறைப்படி கோரத் தெரியாமல் தோற்றுவிடுவது மனத்தை உறுத்துகிறது.

கறுப்பு ஆடும் தொடக்கங்களில் ஒன்றான பெர்லின் தற்காப்பையே எடுத்துக்கொள்வோம். 2000-இல் லண்டனில் கிராம்னிக் ஓர் ஆட்டமும் தோற்காமல் காஸ்பரோவை வென்று உலகப் பட்டம் பெற்றதற்குத் துணைநின்ற தற்காப்பு அது. அதன் ஒரு கிளையில், வெள்ளை கோட்டை கட்டியதும் கறுப்புக் குதிரை இ4 (e4) கட்டத்துச் சிப்பாயை வெட்டும். பிறகு மளமளவென்று காய்கள் மாறி, 10-ஆவது நகர்வில் வெள்ளை ராணி டி4-இலும் கறுப்பு ராணி டி6-இலும் நிற்கும். வெள்ளை ராணி இ4-க்கு வந்து செக் வைக்கும், கறுப்பு ராணி இ6-இல் மறைக்கும். வெள்ளை டி4-க்குத் திரும்பும், கறுப்பு டி6-க்குத் திரும்பும்.

இப்படியே போனால், கறுப்பின் 10, 12, 14-ஆவது நகர்வுகளுக்குப் பின் ஒரே நிலை மூன்று முறை வந்திருக்கும். அப்படி வந்தால், நகர்த்தும் முறை யாருடையதோ அவர் டிரா கோரலாம். பிழை நடப்பது 14-இல்தான். பிள்ளை ராணியை டி6-இல் வைத்து, கடிகாரத்தை அழுத்திவிட்டு நடுவரைக் கூப்பிடுகிறது. அப்போது முறை வெள்ளையுடையது. கோரும் உரிமையும் வெள்ளைக்கே. அவர் வேறு நகர்வு ஆடினால் ஆட்டம் தொடரும்.

சரியான முறை: காயைத் தொடாமல், 'ராணி டி6' என்று நகர்வுகளைக் குறிக்கும் தாளில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரிடம் சொல்ல வேண்டும். காயைத் தொட்டால் அந்த நகர்வில் உரிமை போய்விடும். கோரிக்கை தவறானால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். எழுதிய நகர்வையே ஆடவும் வேண்டும். தாளில் நகர்வு விட்டுப்போயிருந்தால் நிரூபிப்பது கடினம், ஆகவே எழுதும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே கட்டாயமாக்குங்கள்.

'மூன்று செக் வைத்தால் டிரா' என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். அப்படி விதியே இல்லை. காய்கள் நிற்கும் இடம், யாருடைய முறை, கோட்டை கட்டும் உரிமை எல்லாம் ஒத்திருக்க வேண்டும். ஆனால் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை.

பேசி டிரா செய்வதானால் நகர்வை ஆடி, கேட்டு, பிறகு கடிகாரத்தை அழுத்த வேண்டும். குறிப்பிட்ட நகர்வுக்கு முன் பேசி முடிக்கத் தடை இருக்கலாம். போட்டி விதியைப் படித்துவிடுங்கள். முடிவு எழுதி இருவரும் கையெழுத்திடும்வரை பிள்ளை மேசையை விட்டு எழவே கூடாது. வெறும் கைகுலுக்கலை எதிராளி 'தோல்வியை ஒப்புக்கொண்டான்' என்று சொன்னால், மறுக்கக் கையில் எதுவும் இருக்காது.